உங்கள் அக்காவைத் தட்டிப் பார்த்தது குறித்து

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நலம் என்று எழுதத்தான் ஆசை. உங்கள் வீட்டாரின் நலத்தையும், குறிப்பாக அங்கே வந்திருக்கும் உங்கள் அக்காவின் நலத்தையும் உடனே அறிய விரும்புகிறேன். குழப்பம் நேராதிருக்க, சொல்லப்போவதை வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. தூக்கத்தின் கட்டங்களும் என் பயமும்.
2. வயதானவர்களுக்கு ஐந்து மணி நேரத் தூக்கம் போதும் என்பது.
3. உங்கள் அக்கா பெட்டியோடு புறப்பட்டதில் என் பங்கு.
4. ஒரு வேண்டுகோள்.

போன மாதம் உங்கள் பெரியக்கா தூக்கத்திலேயே போனபோது, "கொடுத்து வெச்சவ, வலியில்லாம போயிட்டா" என்று எல்லோரும் ஆறுதலடைந்தார்கள். எனக்கோ பயம் பிடித்துக்கொண்டது. அதே ரத்தம்தானே என் வீட்டிலும் சாப்பிட்ட கையோடு கட்டிலில் சாய்கிறது! அந்த நேரம் பார்த்துப் பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது தூக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை கிடைத்தது (கேட்டுத்தான் வாங்கி வந்தேன், கிழிக்கவில்லை). முதலில் கண் செருகல், பிறகு லேசான தூக்கம், பிறகு கூப்பிட்டாலும் கேட்காத ஆழ்ந்த தூக்கம், கடைசியில் கனவுத் தூக்கம். அதில் இமைக்குள் விழி உருளும், கைகால் துவண்டு கிடக்கும், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்றாக இது திரும்பத் திரும்ப வரும் என்று போட்டிருந்தது. படித்ததும் தெளிவு வந்திருக்க வேண்டும். வியர்வைதான் வந்தது.

பாய்லர் அறையில் அழுத்தமானியைப் பார்த்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். முள் அசையாமல் நின்றால் கண்ணாடியை விரலால் தட்டுவோம். கருவி சரியாக இருந்தால் முள் துள்ளும். அந்தப் பழக்கத்தில் உங்கள் அக்காவின் நெற்றியில் தட்டினேன். துள்ளினாள்.

"ஏங்க, மனுஷிய நிம்மதியா தூங்க விடமாட்டீங்களா? நான் செத்தாத்தான் விடுவீங்களா?"

"அதைத்தாம்மா பார்த்துட்டு இருக்கேன்."

இந்தப் பதில் சரியில்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவளை மட்டும் சோதிப்பது முறையல்ல என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தொட்டில் பக்கம் போனால், கைக்குழந்தையின் விழி இமைக்குள் ஓடுகிறது, உதடு கோணுகிறது, விரல் துடிக்கிறது, வலிப்போ என்று பதறித் தட்டினேன், வீடே இரண்டுபட்டது, மருமகள் ஓடி வந்து "அது கனவு காணுது மாமா! இப்பத்தான் கஷ்டப்பட்டுத் தூங்க வெச்சேன், பச்சப்புள்ளைக்குப் பாதித் தூக்கம் கனவுதான்" என்று கண் கலங்கினாள், சரி, மூத்த பேரனையாவது பார்ப்போம் என்று போனால், விடிந்து வெகு நேரமாகியும் போர்வைக்குள்ளிருந்து "தாத்தா, எனக்கு இப்பத்தான் நடுராத்திரி" என்கிறான், அந்த வயதில் உடம்பின் கடிகாரமே பிந்தி ஓடுமாம், கட்டுரையும் அவன் பக்கம்தான். என் பக்கம் யாருமில்லை.

இப்படி ஒரு வாரம் தட்டியதில் உங்கள் அக்கா அடுப்படியில் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டாள். பால் பொங்கி அடுப்பை அணைத்து, எரிவாயு வாடை வீசிய பிறகே ஓடினேன். எரிவாயுவை மூடிவிட்டு, "வயசானா அஞ்சு மணி நேரம் போதும்னு போட்டிருக்கே, உனக்கு ஏன் பத்தல?" என்று கேட்டேன்.

"அந்த அஞ்சையாவது குடுத்தீங்களா? நான் தம்பி வீட்டுக்குப் போறேன். அங்க யாரும் என்னைக் கதவு மாதிரி தட்டமாட்டாங்க."

போய்விட்டாள். நேற்று பழக்கதோஷத்தில் அவள் தலையணையைத் தட்டினேன். அது துள்ளவில்லை. அதற்கு மேல் அந்த அறையில் படுக்கத் துணிவு வரவில்லை.

வேண்டுகோள் இதுதான்: அவள் தூங்கும்போது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நெற்றியில் மெல்லத் தட்டிப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள். கூடிய சீக்கிரம் திருப்பி அனுப்புங்கள்.

உங்கள் வீட்டில் அனைவரும் தெருவுக்கே கேட்கும் குறட்டையோடு உறங்கி, ஒருவர் குறையாமல் விழித்தெழ வாழ்த்தும்,
உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் கட்டுரையை மறுபடி சரிபார்த்தேன். வயதானால் ஆழ்ந்த தூக்கம் குறையும், அடிக்கடி விழிப்பு வரும் என்றுதான் இருக்கிறது. தேவை குறையும் என்று எங்குமே இல்லை. ஏழு, எட்டு மணி நேரம் வேண்டுமாம். ஐந்து என்பது நான் தூங்கும் அளவு. அதை எல்லோருக்கும் சட்டமாக்கிவிட்டேன். ஆகவே வேண்டுகோளை ரத்து செய்கிறேன். அவளைத் தட்டாதீர்கள். வாசலில் நின்று மூச்சு வருகிறதா என்று மட்டும்... வேண்டாம், அதுவும் வேண்டாம். அவளாகக் கண் விழித்ததும் சொல்லுங்கள்: வரிசையில் இரண்டாவதாக நான் எழுதியது தவறு.