நிலாவுக்கும் 'வரலாம்' சொன்னவர்

கோரிப்பாளையத்தில் எங்கள் 'வரலாம்' அண்ணன் கண்ணில் பட்ட எந்த வண்டியும் முழுசாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை.

தொழில் தையல். ஆனால் தெருவில் ஏதாவது வண்டி ரிவர்ஸ் எடுக்கும் பாட்டுச் சத்தம் கேட்டால் போதும், என் மார்பைச் சுற்றிய அளவு நாடாவை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடிவிடுவார். நான் இரண்டு கையையும் தூக்கியபடி கடைக்குள் நின்றுகொண்டிருப்பேன். சட்டை அளவில் நூல் பிசகாத மனுஷனுக்கு, வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள தூரம் மட்டும் பிடிபடாது.

"வரலாம்... வரலாம்... லெப்ட்ல ஒடி... எம்புட்டோ இடம் கெடக்கு, வா மாப்ள!"

டமார்.

"போதும்!"

அந்தப் 'போதும்' ஒரு நாளும் 'டமாரு'க்கு முன்னால் வந்ததில்லை. எங்கள் தெருவில் அடிபடாத மின்கம்பம் கிடையாது. ஆனாலும் யாருக்கும் அவரைத் திட்ட மனசு வராது. கையை வீசி வண்டியை வரவேற்கும்போது, கல்யாண வாசலில் நிற்கும் பெண் வீட்டுக்காரர் மாதிரி அவர் முகத்தில் அம்புட்டு சந்தோஷம் இருக்கும்.

அமெரிக்கத் தனியார் கம்பெனி ஒன்று நிலாவில் ஆளில்லா விண்கலத்தை இறக்கப்போகிறது என்றார்கள். விடிகாலையில் பாய் டீக்கடை டிவியில் நேரலை.

"டிரைவர் யாரு?" என்றார் அண்ணன்.

"ஆளே கெடையாதுண்ணே. அதுவா எறங்கும்" என்றேன்.

அண்ணன் பதறிவிட்டார். "அம்புட்டு தூரம் அனுப்புறாய்ங்க, பாத்து எறக்கிவிட ஒரு ஆள் அனுப்பலையா?"

அடுத்த நிமிஷம் டிவி முன்னால் நின்று கையை வீச ஆரம்பித்துவிட்டார். "வரலாம்... வரலாம்... ரைட்ல ஒடி... எம்புட்டோ இடம் கெடக்கு!"

இறங்கிவிட்டது என்று அறிவித்தார்கள். அண்ணன் டிவியின் முதுகில் இரண்டு தட்டு தட்டி, "போதும்!" என்றார். "மாஷா அல்லா! அண்ணன் குரல் நிலா வரைக்கும் கேட்டுருச்சு" என்றார் பாய். அன்றைக்கு அண்ணன் தைத்த சட்டைகளுக்கெல்லாம் காலர் கொஞ்சம் கூடுதலாகவே நிமிர்ந்திருந்தது.

மறுநாள் செய்தியில் சொன்னார்கள், கலம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறதாம்.

தெரு சும்மா விடுமா? "ஏண்ணே, இங்க உள்ள கம்பமெல்லாம் பத்தலையா?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள். அண்ணன் சிரித்துச் சமாளித்தார்.

மறுவருஷம் வேறொரு கம்பெனியின் கலம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டீக்கடை நிறையக் கூட்டம். பாய் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, அல்லாவுக்காக இந்த ஒரு தடவை வாயத் தெறக்காதீக."

அண்ணன் கைக்குட்டையைப் பல்லில் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். கலம் ஜம்மென்று நேராக நின்றது. நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு எந்த ரிவர்ஸ் பாட்டுக்கும் மெஷினை விட்டு எழவில்லை. "நான் சொல்லாட்டித்தான எல்லாம் ஒழுங்கா நிக்கிது" என்றார் என்னிடம். வண்டிகள் கீறல் இல்லாமல் வந்து போயின. தெரு நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அவர் குனிந்த தலையைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

நான் அப்போதுதான் புதுக் கார் வாங்கியிருந்தேன். அவர் கடை வாசலில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கினேன்.

"அண்ணே, பின்னாடி ஒண்ணும் தெரியல. கொஞ்சம் பாருங்கண்ணே."

"வேணாம் மாப்ள. புது வண்டி."

"நீங்க வராம நான் எடுக்க மாட்டேன்."

எனக்கு எதிரே வழி கிடைக்காமல் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரனை அலறவிட்டது. அண்ணன் தயங்கித் தயங்கி வெளியே வந்தார். முதல் 'வரலாம்' அவருக்கே கேட்டிருக்காது. மூன்றாவது, தர்காவரைக்கும் கேட்டிருக்கும்.

"எம்புட்டோ இடம் கெடக்கு, வா மாப்ள!"

காரின் கேமராவில் மின்கம்பம் முழுசாகத் தெரிந்தது. நான் அதைப் பார்க்காமல் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.

டமார்.

"போதும்!"

நசுங்கிய பம்பரை மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கள் அண்ணன் மறுபடி வாயைத் திறந்த இடம் அது.