அபூ ராத்திப் குடிக்காத காப்பி

என் மனைவி மைசூன் எட்டு ஆண்களுக்கு மேலதிகாரி ஆகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பல் குத்திக்கொண்டே நான் எடுத்த வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவு இது. நான் நவ்வாஃப். இர்பித் நகர நில அளவை அலுவலகத்தில் குமாஸ்தா. எனக்குக் கீழே யாரும் கிடையாது. மேலே பதினாலு பேர்.

மைசூன் இணையக் கம்பெனியில் நெட்வொர்க் எஞ்சினியர். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். இப்போது பிரிவுக்கே தலைவியாக வா என்று கூப்பிட்டிருந்தார்கள். வியாழக்கிழமை நாலு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள்.

"வேண்டாம்னு சொல்லிடு," என்றேன்.

"ஏனாம்?"

"ஆபீஸ்ல மானம் போகுது. உன் பெண்டாட்டி டவர்ல ஏறுவா, நீ கீழ நின்னு ஏணியைப் பிடிச்சுக்குவியானு கேக்குறானுங்க."

"நீங்க ஏணியையாவது ஒழுங்காப் பிடிப்பீங்களா?"

"விளையாடாத மைசூன்!"

"யார் விளையாடறது? எனக்கப்புறம் வந்தவனுக்கெல்லாம் நான்தான் வேலை கத்துக்கொடுத்தேன். கேபிளை எந்தப் பக்கம் சொருகறதுனு கேட்டவன் மூணு பேர் எனக்கே மேலதிகாரி ஆனானுங்க. நான் வாயைத் திறக்கல. இப்பதான் என் முறை வந்திருக்கு."

எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வரலாற்று முடிவாயிற்றே.

"உங்களைக் கேக்காமலே சரினு சொல்லிட எனக்குத் தெரியும்," என்றாள். "ஆனா நேரங்கெட்ட நேரத்துல போன் வரும், கிளம்பணும். ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு உங்களோட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்ல. நாலு பேர் முன்னாடி சம்மதம்னு சொல்லுங்க. வியாழன் நாலு மணிக்குள்ள சொல்லலேன்னா இந்தப் பதவியை விட்டுடறேன். ஆனா அதுக்கப்புறம் என்னைக் கூப்பிட அப்பா வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க!"

ஒரு பெட்டி, ஒரு லேப்டாப். அஜ்லூனில் இருக்கிற அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை வீட்டில் இணையம் நின்றது. போன் போட்டேன்.

"மைசூன், டப்பாவுல சிவப்பு விளக்கு எரியுது."

"எரியட்டும்."

"ஒண்ணும் வரமாட்டேங்குது."

"எட்டு ஆம்பளை எஞ்சினியர் இருக்காங்கல்ல? கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். ஒருவன் மிடுக்காக வந்தான். டப்பாவை இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான். பிறகு பால்கனிக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பேசினான். "மைசூன் மேடம், ஒரு சின்ன சந்தேகம்..."

மூன்று நாள் டப்பாவில் அடைத்த மொச்சைதான் சாப்பாடு. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என்னைத் திட்ட ஆளில்லாத வீடு வீடாகவே இல்லை. அவள் வேண்டும். ஆனால் அந்தப் பதவி வேண்டாம். புதன்கிழமை காலை எனக்கு மூளை வேலை செய்தது.

ஜாஹா! கோபித்துக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போனவளை மீட்க எங்கள் ஊரில் பெரிய மனிதர்களைத் திரட்டிக்கொண்டு போவோம். அந்த வீட்டுக்காரர் காப்பி கொடுப்பார். கூட்டத்தின் தலைவர் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைப்பார். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பார். வீட்டுக்கு வந்தவர் வாயில் காப்பி படாமல் திரும்பினால் அந்த வீட்டுக்கே அவமானம். என் மாமனார் அபூ ஷாஹிர் மானத்துக்கு அஞ்சுகிற மனிதர்.

ஜாஹா என்றால் எங்கள் பக்கத்தில் ஹாஜி அபூ ராத்திப்தான். வெட்டுக்குத்துப் பகையையே பேசித் தீர்த்தவர். அவர் வைத்த கோப்பை எந்த வீட்டிலும் ஆறிப் போனதில்லை.

"பொண்ணு வீட்டுக்கு வரணும், பதவி வரக் கூடாது. அதானே?" என்றார் தாடியைத் தடவிக்கொண்டு.

"அதேதான் ஹாஜி."

"தலைவன் பேசும்போது கூட வந்தவன் குறுக்கே பேசக் கூடாது. தெரியுமில்ல?"

"வாயையே திறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா ஹாஜி!"

அவர் சிரித்தார். பெருந்தன்மையான சிரிப்பு என்று நினைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வியாழன் மூன்று மணிக்குப் பதினோரு பேரோடு மாமனார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன். காப்பி வந்தது. ஹாஜி கோப்பையைத் தரையில் வைத்தார். உள் கதவோரம் மைசூன், கையில் போன். அவள் என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

ஹாஜி தொடங்கினார். இறைவனைப் புகழ்ந்தார். மாமனாரின் அப்பாவைப் புகழ்ந்தார், தாத்தாவைப் புகழ்ந்தார். மூன்றேகால். தாத்தாவின் குதிரையைப் புகழ்ந்தார். மூன்றரை. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். பேசு ஹாஜி, பேசு! குதிரையின் குட்டியைப் பற்றியும் பேசு! நாலு அடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மூன்று ஐம்பது.

"அபூ ஷாஹிர், உங்க காப்பியை நாங்க குடிக்கணும்னா எங்களுக்கு ஒண்ணு தரணும்," என்றார் ஹாஜி. "உங்க மக புருஷன் வீட்டுக்கு வரணும்."

மாமனார் தலையசைத்தார்.

"வரும்போது அந்தப் பதவியோட வரணும்! இந்த நவ்வாஃப் நேத்து என் வீட்டு வாசல்ல வந்து நின்னான். என் பெண்டாட்டி அறிவு வீணாப் போகக் கூடாது ஹாஜி, நேரங்கெட்ட நேரத்துல கூப்பிட்டாலும் நானே கார்ல கொண்டுபோய் விடறேன்னு கண் கலங்கினான்."

நான் வாயைத் திறந்தேன். ஹாஜியின் கை என் முழங்காலில் விழுந்தது. எலும்பு நொறுங்கியது போல இருந்தது. கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது.

"பாருங்க, இப்பவும் அழறான்," என்றார்.

மாமனார் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "மாப்பிள்ளை, உங்களைத் தப்பா நினைச்சிருந்தேன். மன்னிச்சுடுங்க! ஹாஜி, காப்பியைக் குடிங்க. கேட்டது கொடுத்தாச்சு!"

ஹாஜி ஒரே மடக்கில் குடித்தார். கதவோரம் மைசூன் போனில் சொன்னாள்: "எனக்குச் சம்மதம் சார். ஆமா சார், வீட்லயும் முழு சம்மதம்." மூன்று ஐம்பத்தாறு.

காரில் திரும்பும்போது நான்தான் ஆரம்பித்தேன்.

"எப்படிடீ?"

"ஹாஜி மக ரஹஃப் நெட்வொர்க் படிச்சுட்டு ரெண்டு வருஷமா வீட்ல உக்காந்திருக்கா. பொண்ணுங்களுக்கு இந்த வேலை சரிப்படாதுனு எல்லா இடத்துலயும் திருப்பி அனுப்பிட்டாங்க. நான் தலைவியானா பரீட்சை வெச்சு ஒழுங்கா எடுப்பேன்னு அவ அப்பாகிட்ட செவ்வாய்க்கிழமையே சொல்லிட்டேன்."

"நான் அவர்கிட்ட போனது புதன்கிழமைடீ!"

"நீங்க வேற யார்கிட்ட போவீங்க?"

ஊரில் செய்தி பரவியது. ஆபீஸில் ஏணிப் பேச்சு நின்றது. நேற்றுச் சலூன்காரர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மகளை மருமகன் வேலைக்கு விட மாட்டேன் என்கிறானாம். "பெண்டாட்டி பதவிக்காக ஜாஹாவே கொண்டுபோன மனுஷன் நீங்க. நீங்கதான் தலைமை தாங்கணும்."

வெள்ளிக்கிழமை போகிறோம். நான் பேச வேண்டியதை மைசூன் எழுதிக் கொடுத்துவிட்டாள். மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.