எருமைக் கிடங்கில் நின்று பந்துவீச்சுப் பார்த்தது

பேசாத ஆளுக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நினைக்கிறது. தவறு. சொல்ல ஒன்றும் இல்லாததால்தான் எங்களில் முக்கால்வாசிப் பேர் பேசாமல் இருக்கிறோம். நான் அந்த வகை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மேசன் வேலை. கல் பேசாது, சீமெந்தும் பேசாது. எனக்கு வசதி.

யார் எதைக் கேட்டாலும் "ம்" என்பேன். "முடியாது" என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொல்ல வேண்டும். அதற்கு "ம்" சுலபம். அப்படிச் சொன்ன இரண்டு "ம்"களால் நான் பட்ட பாடுதான் இது. (எழுதச் சொன்னது என் மனைவி வசந்தி. "வாயாலதான் சொல்லமாட்டீங்க, கையாலயாவது சொல்லித் தொலைங்க" என்றாள்.)

நான் பிறந்தது தேற்றாத்தீவு. கட்டியது களுதாவளை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். நானும் ஒரு பையில் உடுக்க மூன்று சாரம், மேசன் கரண்டி, தூக்குக்குண்டு எல்லாம் போட்டுக்கொண்டு போனேன். சைக்கிளில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் எதிரி நாட்டுக்குப் போய்விட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு ஊரும் ஒரே பஸ்ஸில் போகும், ஒரே சந்தையில் மீன் வாங்கும், பெண் கொடுக்கும், எடுக்கும். கிரிக்கெட் என்று வந்தால் மட்டும் முகம் பார்க்காது. (கழகங்களின் பெயரை எழுதவில்லை. எழுதினால் மறுபடி தொடங்குவார்கள்.) முதல் அணிகளில் இருந்தவர்கள் எல்லாம் பிள்ளை குட்டி, வயிறு என்று ஆகிவிட்டார்கள். ஓடச் சொன்னால் யோசித்துத்தான் ஓடுவார்கள். அதனால் சனத்தின் கண் முழுக்க இரண்டாம் அணிகளில்தான். ஊருக்கு ஒருவனாக, பந்து வீசுகிற பெடியனை வளர்த்து வைத்திருந்தார்கள்.

களுதாவளையில் சுதன். என் மனைவியின் தம்பி. பதினெட்டு வயது. நெடுவல். கை காதை உரசிக்கொண்டு நேராக வரும். தேற்றாத்தீவில் கிரி. அதே வயது, குட்டை, இடது கை. எந்த நேரமும் சிரிப்பு. சலூனில், தேநீர்க் கடையில், மரண வீட்டில்கூட அந்த வருடம் இதே கதைதான். சுதனா, கிரியா? இரண்டு பேரும் பெரிய ஆட்டம் ஒன்றும் ஆடியதில்லை. ஆடாத பெடியன்களை ஒப்பிடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அவர்கள் இன்னும் தோற்கவில்லையே.

சித்திரை வருசத்துக்கு இரண்டாம் அணிகளின் ஆட்டம் என்று தீர்மானமானது. தேற்றாத்தீவு மைதானத்தில். என் மாமனார்தான் களுதாவளைக் கழகத்தின் தலைவர். மாமா மைதானக் கரையில் நின்று கத்தினால் ஆட்டம் பார்க்காதவர்களுக்கும் ஆட்டம் தெரியும். கல்யாணமாகி மூன்றாவது மாதம், ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

"மருமகன், உங்கட ஊர்தானே. அந்தக் கிரிப் பெடியன் எப்பிடிப் போடுறான் எண்டு ஒருக்காப் பாத்து வந்து சொல்லுங்க. ஆருக்கும் தெரியப்படா."

"ம்."

"நீங்க எந்தப் பக்கம் எண்டு சனம் பாத்துக்கொண்டுதான் இரிக்கி. வந்த மாப்பிள்ளை ஊரோட ஒட்டுறாரா, ஒட்டாம நிக்கிறாரா எண்டு. விளங்குதா?"

"ம்."

விளங்கியது. அந்த வீட்டில் எனக்கு வேர் பிடிக்குமா பிடிக்காதா என்பது இந்த வேலையில்தான் இருந்தது. வசந்தி குனிந்து சோறு போட்டாள். அவளுக்கும் விளங்கியது.

மறுநாள் போன் வந்தது. குணம். தேற்றாத்தீவுக் கழகத்தின் கப்டன், பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன்.

"மச்சான், நீ அங்கதானே படுத்தெழும்புறாய். அந்த சுதன் எங்க பிழை விடுறான் எண்டு பாத்துச் சொல்லன்."

நான் "ம்" என்றேன். பழக்கதோஷம்.

ஒரே கிழமையில் இரண்டு பக்கத்துக்கும் ஒற்றன் ஆகிவிட்டேன். இப்படி ஒரு பதவி உயர்வு எனக்கு வாழ்க்கையில் வேறெங்கும் கிடைத்ததில்லை.

சுதனைப் பார்ப்பது கஷ்டமில்லை. வீட்டுக்குப் பின்னால் தென்னையை விக்கெட் என்று வைத்துப் போடுவான். பின்னேரம் களுதாவளை மைதானத்தில் கழகப் பெடியன்களுக்குப் போடும்போது மாமாவோடு போய்ப் பார்ப்பேன். ஒரு மேசனுக்கு எதைப் பார்த்தாலும் மட்டம்தான் தெரியும். சீமெந்துப் பையின் தாளைக் கிழித்து, நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் சுதன், மறுபக்கம் கிரி என்று எழுதினேன். ஒரே தாள். இரண்டு தாள் எழுதுகிற அளவுக்கு எனக்கு எழுத்து வராது. முதலில் ஒப்பிட்டுப் பார்ப்போம், பிறகு யாருக்கு எதைச் சொல்வது என்று யோசிப்போம் என்பது திட்டம்.

கிரியை எப்படிப் பார்ப்பது? நேரே மைதானத்துக்குப் போயிருக்கலாம். யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் கேட்பார்கள். மாப்பிள்ளை வாழ்க்கை எப்படி, மாமி எப்படி, சமையல் எப்படி. பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில்தான் என் மூளை வேலை செய்தது. மைதானத்தின் ஒரு பக்கம் வாவி. வாவிக்குள் நின்று வலை வீசுகிறவனை யார் கேட்கப் போகிறார்கள்?

பக்கத்து வீட்டில் வீச்சுவலை ஒன்று இரவல் வாங்கினேன். தாளையும் பென்சிலையும் பொலித்தீன் பையில் சுற்றித் தொப்பிக்குள் வைத்தேன். பின்னேரம் நாலு மணி. கரையெல்லாம் கண்ணாப் பற்றை, மைதானம் தெரியவில்லை. ஓர் இடத்தில் மட்டும் பற்றை மிதிபட்டு நல்ல வெளி. அங்கே இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றேன்.

பற்றையை மிதித்தது யார் என்று ஒரு மேசன் யோசித்திருக்க வேண்டும்.

வலையை வீசினேன். என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வலை விரியவில்லை. ஈரச் சாரத்தைத் தூக்கி எறிந்தது மாதிரிப் போய் விழுந்தது. மைதானத்தில் கிரி ஓடி வந்தான். நன்றாக ஓடினான். தொப்பியைக் கழற்றி, தாளை எடுத்து, எழுதினேன். மறுபடி தொப்பி. மறுபடி வலை. இப்படி ஐந்தாறு தடவை. என் பக்கத்தில் தண்ணீர் கலங்கி, கறுப்பாக ஒரு தலை எழும்பியது. எருமை. இன்னொன்று. அவையும் கிரியைப் பார்க்க வந்தவை போல நின்றன.

மைதானத்தில் இருந்து குரல் வந்தது. குணம்.

"டேய் மச்சான்! அது எருமைக் கிடங்கடா! அதுக்குள்ள மீன் எங்க இரிக்கி?"

எருமைகள் படுத்து ஊறுகிற பள்ளத்தைத்தான் சொன்னான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்பது போல நின்றேன்.

"உன்னத்தாண்டா! கதிரை போட்டிரிக்கி, வந்து இருந்து பாரன்! ஏன் தண்ணிக்குள்ள ஊறுறாய்?"

மைதானம் முழுக்கச் சிரித்தது. அந்த இடத்தில் ஏறி வந்திருந்தால் கதை முடிந்திருக்கும். எனக்கு ரோசம். "மீன்" என்று ஒரு சொல் சொன்னேன். அன்று நான் பேசிய மொத்தமும் அதுதான்.

"ஓம் ஓம். பெரிய மீனாப் பாத்துப் பிடி. கொம்போட!"

அந்த நேரம் பார்த்து யாரோ பந்தைத் தூக்கி அடித்தார்கள். என் தலைக்கு நேரே வந்தது. ஒரு காலத்தில் நானும் களத்தடுப்புச் செய்தவன். கை தானாக மேலே போனது. பிடித்தேன். நல்ல பிடி. ஆனால் கால் சேற்றில் நின்றது, உடம்பு மட்டும் பின்னால் போனது. எருமைகள் விலகி இடம் கொடுத்தன.

எழும்பியபோது கையில் பந்து இருந்தது. தலையில் தொப்பி இல்லை.

பொலித்தீன் பை மிதந்து போய்க்கொண்டிருந்தது. கிரி நீந்தி வந்தான். சிரித்தபடி பந்தை வாங்கினான். சிரித்தபடி பையையும் எடுத்துக்கொண்டு போனான். உபகாரமாக நினைத்துத்தான் எடுத்தான். பாவம்.

குணம் பிரித்தான். வாய்விட்டுப் படித்தான்.

"சுதன். கை தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நேர். மூச்சு உண்டு. கிரி. கால் சரிவு, வேகம் அதிகம். சிரித்தால் மெதுவான பந்து. சிரிக்காவிட்டால் காலுக்கு வரும்."

கிரியின் சிரிப்பு நின்றது.

"சுதன். அடி வாங்கினால் கரையைப் பார்க்கிறான். கரையில் மாமா. மாமா கத்துவார். அடுத்த பந்து குட்டை." குணம் மூச்சு வாங்கி, கடைசி வரியைப் படித்தான். "மாமா மைதானத்துக்கு வராவிட்டால் சுதன்தான் திறம்."

யாரோ போனில் படம் எடுத்து அனுப்பினார்கள். நான் சைக்கிள் மிதித்துக் களுதாவளைக்கு வர முன்னமே என் கையெழுத்து வந்துவிட்டது.

மாமா முற்றத்தில் நின்றார். என்னிடம் பேசவில்லை. வசந்தியிடம்தான் சொன்னார்.

"புள்ள, என்ர மகனுக்கு நான்தான் பிழையாம். எதிரிக்கு எழுதிக் குடுத்திரிக்கார் உன்ர புருசன்."

"அவர் குடுக்கல்லையே அப்பா. தண்ணிக்குள்ள விழுந்துதான்..."

"விழுந்தாரோ, குடுத்தாரோ. நான் இனிக் கிறவுண்டுக்குப் போகல்ல. ஆட்டம் முடியட்டும். மறுகா இவர் இஞ்ச இரிக்கிறதா, அவர்ர ஊருக்கே போறதா எண்டு கதைப்பம்."

ஒன்பது நாள். மாமா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார். மாமி என் தட்டில் மீனின் வால் துண்டையே வைத்தார். சுதன் மட்டும் ஒருநாள் கிணற்றடியில் வந்து, தண்ணீர் அள்ளுகிற மாதிரிக் குனிந்து கேட்டான்.

"அத்தான், நான் கரையப் பாக்கிறது உண்மையா?"

"ம்."

"எனக்கே தெரியாதே அத்தான்."

இரவில் வசந்தி என் பையை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தாள். சாரம் ஒன்றையும் அதற்குள் வைக்கவில்லை. தேவைப்பட்டால் அவளுக்கும் பேசாமல் சொல்லத் தெரியும்.

ஆட்டத்து நாள். மாமா வரவில்லை. காய்ச்சல் என்று போர்த்துக்கொண்டு படுத்தார். நான் குணம் போட்ட கதிரையில் இருந்தேன். (இந்த முறை கூப்பிட்டவுடன் போனேன்.)

கிரிக்குச் சிரிக்கக் கூடாது என்று கட்டளை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி வந்தான். பாதி வழியில் அடக்க முடியாமல் சிரிப்பான். மெதுவான பந்து வரும், களுதாவளை அடிக்கும். சிரிக்காதே என்று சொன்ன பிறகு ஒருவனால் வேறு என்னதான் செய்ய முடியும்?

சுதன் பந்து வீச வந்தான். இரண்டாவது ஓவரில் ஓர் அடி வாங்கினான். கரையைப் பார்த்தான். கரையில் மாமா இல்லை. திரும்பிப் போய் ஓடி வந்தான். விக்கெட் தடி பறந்தது. மறுபடி பறந்தது. நான் எழுதியது அப்படியே நடந்தது. எனக்கே என்மேல் மரியாதை வரத் தொடங்கியது.

கடைசி ஓவர். தேற்றாத்தீவுக்கு ஐந்து ஓட்டம் தேவை. பந்தடிக்க நின்றது கிரி. முதல் நான்கு பந்துக்கும் ஓட்டமில்லை. ஐந்தாவது பந்துக்கு சுதன் திரும்பி நடந்தான். அப்போது வாவிப் பக்கமிருந்து ஒரு குரல்.

"சுதன்! கால்ல போடடா! காலுக்க!"

மைதானம் முழுக்கத் திரும்பியது. எருமைக் கிடங்கு. இடுப்பளவு தண்ணீர். தலையில் துவாய். கையில் அதே இரவல் வலை. மாமா.

சுதனும் பார்த்தான். பந்து குட்டையாக விழுந்தது. கிரி வாயெல்லாம் பல்லாக அடித்தான். பந்து வாவிக்குப் பறந்தது. மாமா வலையை வீசினார். அவர் வீசினால் வலை விரியும். பந்து வலைக்குள் விழுந்தது. தூக்கிப் பிடித்துக்கொண்டு "அவுட்! அவுட்!" என்று தண்ணீருக்குள் நின்று அரை மணி நேரம் வாதாடினார். நடுவர் ஆறு ஓட்டம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

களுதாவளை தோற்றது. மாமாவை என் சைக்கிளில்தான் ஏற்றிக்கொண்டு வந்தேன். சேறு சொட்டச் சொட்ட, வலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வீட்டுப் படலையடியில் இறங்கும்போதுதான் கேட்டார்.

"கேட்டுப் போட்டுதா, மருமகன்? அவனுக்கு?"

"ம்."

"ம்" என்றார் மாமா. அவர் வாயில் அந்த எழுத்தை அன்றுதான் முதலில் கேட்டேன்.

அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார். என் தட்டைப் பார்த்தார். "என்னகா இது, மருமகனுக்கு வாலா வைக்கிறாய்? நடுத்துண்டு வை" என்று மாமியிடம் சொன்னார். பையை வசந்தி அடுத்த நாள் கழுவிக் காயப்போட்டாள். இப்போது அதில் வெங்காயம் இருக்கிறது.

சுதனும் கிரியும் பந்தை விட்டு வருடங்களாகின்றன. ஆனாலும் ஒவ்வொரு சித்திரைக்கும் குணம் எருமைக் கிடங்குக்குள் இரண்டு பிளாஸ்டிக் கதிரை போட்டு வைக்கிறான். மாமனுக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று. வீட்டில் மாமா சத்தம் போட்டால் என் மகள், "அம்மப்பாவ எருமைக் கிடங்குக்குக் கொண்டுபோய் விடுங்க" என்கிறாள். நான் எதற்காவது "ம்" என்றால் வசந்தி சீமெந்துத் தாளையும் பென்சிலையும் கொண்டுவந்து முன்னால் வைக்கிறாள்.

இன்னும் சிலர் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்லு, சுதனா, கிரியா?

"ம்" என்கிறேன். இரண்டு ஊரும் சந்தோசமாகப் போகிறது.