சாவியைத் தனியே எடுத்து வைக்கச் சொன்ன ஆசிரியருக்கு

சரவணமுத்து,
ஓய்வுபெற்ற தபாலதிபர்,
ஊர்காவற்றுறை.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் இதழில் பணிபுரியும் அனைவரும் தேக சுகத்தோடு இருக்க இறைவனை வேண்டிக்கொண்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். நானும் சுகம் என்று எழுதத்தான் விருப்பம். ஆனால் முப்பத்தொரு வருடம் பிறருடைய கடிதங்களுக்கு முத்திரை குத்திய கைக்குப் பொய் எழுத வருகுதில்லை. முழங்கை இரண்டும் உரிந்துபோய் இருக்கின்றன, இடது காதுக்குள் இன்னும் கொஞ்சம் ஒயில் இருக்கிறது, மனைவி மனோகரி நேற்றிலிருந்து என்னைக் குசினி அடுப்புப் பக்கமே விடுகிறாள் இல்லை. இவ்வளவுக்கும் காரணம், தாங்கள் சென்னையிலிருந்து வெளியிடும் மாத இதழில் வந்த 'கியர் ஆயிலை ஒரு மணி நேரத்தில் நீங்களே மாற்றலாம்' என்ற கட்டுரைதான் என்பதைப் பணிவோடும் கொஞ்சம் கோபத்தோடும் அறியத்தருகிறேன்.

விஷயத்தைத் தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் தங்களுக்கு விளங்கும். என்னிடம் ஒரு வெள்ளை நிற ஜப்பான் கார் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன், என் ஒரே மகள் நிலாந்தினியின் கலியாணத்தன்று, பொம்பிளையை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்து மண்டபத்துக்குப் போகிற வழியில், முகூர்த்தத்துக்கு முக்கால் மணித்தியாலம் இருக்கும்போது, மண்டைதீவுக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் கடல் இருக்கிற தெருவில், கார் கியர் விழாமல் நின்றுவிட்டது. முதலாம் கியரும் இல்லை, பின் கியரும் இல்லை, கறகற என்ற சத்தம் மட்டும் தாராளமாக இருந்தது. பட்டுச் சேலையும் நகையுமாக நடுத்தெருவில் நின்ற பிள்ளையை, மீன்பெட்டி ஏற்றிவந்த லொறி ஒன்றின் முன்சீற்றில் ஏற்றி அனுப்பினோம். நேரத்துக்குப் போய்விட்டாள், தாலியும் ஏறிவிட்டது. ஆனால் மணவறையில் ஐயர் இரண்டு தரம் மூக்கை உறிஞ்சிப் பார்த்ததை நான் கண்டேன், அவளும் கண்டாள். பிறகு காரைத் திருத்தினேன், கறகறப்பு மட்டும் முழுதாகப் போகவில்லை. அன்றிலிருந்து அவள் அந்தக் காரில் கால் வைத்ததில்லை.

கலியாணம் முடிந்து பாரிசுக்குப் போன பிள்ளை, இப்போதுதான் முதல்முறையாக வருகிறாள். சென்னைக்கு வந்து, அங்கிருந்து பலாலிக்கு விமானத்தில் வருகிறாள். போன கிழமை ரெலிபோனில், "நான் வான் ஒண்டு பிடிச்சு வருவன் அப்பா, நீங்கள் கரைச்சல்படாதேங்கோ" என்றாள். வெறும் கதைதான், குரலில் ஒரு கோபமும் இல்லை. ஆனால் எனக்கு அது பொறுக்கவில்லை, ஐயா. தகப்பன் இருக்க, தகப்பனிடம் கார் இருக்க, பிள்ளை வாடகை வானிலா வீட்டுக்கு வருவது? "நான் வருவன் பிள்ளை, என்ரை காரிலைதான் வருவன்" என்றேன்.   "சரி அப்பா, இந்த ஒருக்காத்தான்" என்றாள். அந்த ஒருக்காவுக்காகத்தான் நான் இவ்வளவு பாடும் பட்டேன்.

காரை உடனே கராச்சுக்குக் கொண்டுபோனேன். என்ஜின் ஒயிலை மாற்றிவிட்டார்கள். "கியர்பெட்டி ஒயில் கறுத்துத் தார் மாதிரிக் கிடக்குது ஐயா, அதையும் மாத்தவேணும். ஆனால் கோயில் திருவிழா முடியத்தான் எங்களுக்கு நேரம்" என்றார்கள். திருவிழா முடிய மகள் திரும்பிப் போய்விடுவாள். இந்த நேரத்தில்தான் வாசிகசாலையில் தங்கள் கட்டுரை கண்ணில் பட்டது. அதை நான் ஒன்பது தரம் படித்தேன். இவ்வளவு அக்கறையாக நான் பதவி உயர்வுச் சோதனைக்குக்கூடப் படிக்கவில்லை.

கட்டுரையின் முதலாவது வரி: 'வண்டியைச் சமதளத்தில் நிறுத்தவும்.' தாங்கள் காரைச் சொல்கிறீர்கள் என்பது எனக்கு விளங்கியது. ஆனால் எங்கள் ஊரில் வண்டி என்றால் வயிறு, அதிலும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கிற வயிறு. நான் சத்தமாக வாசித்ததைக் கேட்ட மனோகரி, "காரைச் சமதரையிலை விடலாம், உங்கடை வண்டியை எப்பிடியப்பா அதுக்குக் கீழை விடப்போறியள்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். தண்ணீர்த் தாங்கி வைக்கவென்று முற்றத்தில் வெட்டி, பிறகு வேண்டாமென்று விட்ட குழி ஒன்று இருந்தது, எங்கள் பேச்சில் கிடங்கு. காரை அதற்கு மேலே குறுக்காக விட்டு, சில்லுகளுக்குக் கல் வைத்தேன். காரும் சமதரையில், என் வண்டியும் கிடங்குக்குள். அதுவரைக்கும் எல்லாம் திறமாக நடந்தது.

இரண்டாவது வரியில்தான் தாங்கள் என்னைக் கவிழ்த்தீர்கள். 'சாவியை எடுத்து, பிறர் கைக்கு எட்டாதபடி பத்திரமாக வைத்துவிட்டு, அடியில் செல்லவும்.' ஐயா, தங்கள் ஊரில் சாவி என்றால் என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் எங்களுக்கு வீடு, அலுமாரி, கார் எல்லாவற்றையும் திறப்பது திறப்பு. சாவி என்பது நட்டுக் கழற்றுகிற இரும்புச் சாமான். அயல்வீட்டுக் குருசுமுத்து கடற்தொழில் செய்கிறவர். தன் படகு மிசினுக்கு வைத்திருந்த சாவிகளை ஒரு பெட்டியோடு எனக்கு இரவல் தந்திருந்தார். பாரச் சாமான், காலில் விழுந்தால் விரல் போய்விடும், அதுதான் எடுத்து வைக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து, அந்தப் பெட்டியை அப்படியே கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறர் கைக்கு எட்டாதபடி என்று இருக்கிறதே என்று அலுமாரித் திறப்பை மனோகரியிடம் கொடுத்தேன். அவள் அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு காரைநகரில் இருக்கும் தமக்கையைப் பார்க்கப் போய்விட்டாள். கார்த் திறப்பைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தையும் இல்லாதபடியால் அதைக் காரிலேயே விட்டு, றேடியோவையும் போட்டுவிட்டு, பாட்டைக் கேட்டுக்கொண்டு கிடங்குக்குள் இறங்கினேன்.

மூன்றாவது வரி: 'இப்போது திருகைக் கழற்றவும்.' கையால் கழற்றிப் பார்த்தேன். துவாயைச் சுற்றிக் கழற்றிப் பார்த்தேன். சென்னையில் இருப்பவர்கள் நல்ல கைப்பலம் உள்ளவர்கள் என்று நினைத்து, வெட்கப்பட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் திருகினேன். இப்படியே முக்கால் மணித்தியாலம் போனது. கடலால் வந்த குருசுமுத்து குனிந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணை, சாவி எங்கை?"

"அலுமாரிக்கை. தனிய எடுத்து வைக்கச் சொல்லிப் புத்தகத்திலை கிடக்கு."

"அப்ப எதாலை கழட்டச் சொல்லிக் கிடக்கு?"

"அதைச் சொல்லேல்லை."

குருசுமுத்து தங்கள் இதழை வாங்கி, ஈரக் கையோடு விரலை வைத்து வாசித்தார்.  பிறகு, "அண்ணை, இது இந்தியாக்காரற்றை தமிழ். அவங்கள் கார்த் திறப்பையல்லோ சொல்லுறாங்கள்" என்றார். சொல்லி முடிய, றேடியோவில் பாடிக்கொண்டிருந்தவருக்குக் குரல் கம்மி, கரகரத்து, அப்படியே நின்றுபோனது. பழைய பற்றறி, இறங்கிவிட்டது. நான் கிடங்குக்குள் கிடந்தபடியே கண்ணை மூடிக்கொண்டேன்.

குருசுமுத்து மனம் தளராத மனிதர். படகில் இருந்து வாயைக் கூட்டிக் குறைக்கிற சாவி ஒன்றை எடுத்து வந்தார். கட்டுரையில் 'எண்ணெய் ஊற்றும் திருகை முதலில், வடிக்கும் திருகைப் பிறகு' என்று தாங்கள் தடித்த எழுத்தில் போட்டிருந்ததை நான் எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்தார். "இருபது வருசமா நான் மிசினுக்குக் கியர் ஒயில் மாத்திறன் அண்ணை. கீழைதான் முதல் திறக்கிறது." தொழில் தெரிந்தவர் சொல்கிறார், நான் முத்திரை குத்தியவன். விட்டுவிட்டேன். கீழ் நட்டு இரண்டு சுற்றில் கழன்று, கறுத்த ஒயில் சட்டிக்குள் கொஞ்சமும் என் காதுக்குள் கொஞ்சமுமாக இறங்கியது. அதைத் திருப்பிப் பூட்டிவிட்டு மேல் நட்டுக்குப் போனால், ஐயா, அது அசையவில்லை. குருசுமுத்துவின் சாவி வழுக்கி வழுக்கி நட்டின் மூலைதான் தேய்ந்தது.

எங்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கியர்பெட்டிக்குள் ஒரு சொட்டு ஒயில் இல்லை. புது ஒயில் போத்தலில் இருக்கிறது, விடுகிற வழி அடைத்துக் கிடக்கிறது. பற்றறியும் இல்லை. கார் கிடங்குக்கு மேலே நிற்கிறது. விடிந்தால் மகள் வருகிறாள். குருசுமுத்து தலையைச் சொறிந்துகொண்டு, "குறை நினைக்காதேங்கோ அண்ணை, மிசின் வேறை, கார் வேறைதான்" என்றார். எனக்கு அவரில் கோபம் வரவில்லை. என்னில்தான் வந்தது. ஆறு வருடமாக ஒரு பிள்ளைக்கு ஒரு காரை ஓட வைக்க முடியாத தகப்பன் என்று நினைக்கக் கண் கலங்கிவிட்டது. ஒயில் பட்டுவிட்டது என்று சொல்லித் துடைத்தேன்.

பின்னேரம் நாலரைக்கு மனோகரி வந்தாள். காரைநகருக்கும் எங்களுக்கும் நடுவே கடலில் ஓடுகிற மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்று பெயர். அந்தப் பாதையால் இறங்கி, கைப்பையும் ஒரு பை முருங்கைக்காயுமாக வந்தவள் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "அலுமாரித் திறப்பு" என்று மட்டும் சொன்னேன். அலுமாரியைத் திறந்து, பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அளவான சாவியைப் போட்டுச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்ட, அந்த மேல் நட்டு ஒன்றுமே நடக்காதது போலக் கழன்றது. துளை பக்கவாட்டில் இருக்கிறபடியால் ஒயிலை நேரே ஊற்ற ஏலாது. மனோகரி பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுகிற குழாயை வெட்டச் சொன்னாள். ஒரு நுனியைக் கிடங்குக்குள் நான் துளையில் பிடிக்க, மற்ற நுனியில் புனலை வைத்து, கார் மூடியைத் திறந்து அவள் மேலிருந்து ஊற்றினாள்.

"காணுமோ?" போதுமா என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது.

"காணாது, இன்னும் விடும்!"

"இப்ப காணுமோ?"

'துளையால் வழியத் தொடங்கினால் போதும்' என்று தாங்கள் எழுதியிருந்தது உண்மை. அது நேரே என் நெற்றியில் வழிந்தது. "காணும், காணும்!" என்று கத்தினேன். முப்பத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சண்டை இல்லாமல் முடித்த முதல் வேலை இதுதான் என்று நினைக்கிறேன். பிறகு குருசுமுத்துவும் அவர் மனைவி சூசையம்மாவும் மனோகரியும் பின்னால் நின்று தள்ள, நான் இரண்டாம் கியரில் விட்டுப் பிடித்தேன். கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு ஸ்ராட் வந்தது. முதலாம் கியர் விழுந்தது, மூன்றாம் கியர் விழுந்தது, பின் கியரும் விழுந்தது. சத்தமே இல்லை. கடற்கரை வரைக்கும் ஓடிப் போய் ஓடி வந்தேன். பற்றறியும் ஏறிவிட்டது.

ஆகவே, இனிமேல் இப்படியான கட்டுரைகளில் சாவி என்று வரும் இடத்தில் 'கார்த் திறப்பு' என்றும் சேர்த்துப் போடவேண்டும் என்றும், ஒரு மணி நேரம் என்பதை ஒரு நாள் என்று திருத்தவேண்டும் என்றும், குருசுமுத்துவுக்கும் என் மனைவிக்கும் தங்கள் இதழில் பெயர் சொல்லி நன்றி தெரிவிக்கவேண்டும் என்றும் கேட்டு இந்த முறைப்பாட்டை அனுப்புகிறேன். இன்று காலை பலாலிக்குப் போகிற வழியில் இதைத் தபாலில் சேர்ப்பேன். பிள்ளை என் காரில் ஏறினால் அது போதும். தங்கள் இதழ் மேன்மேலும் வளரவும், தங்கள் வீட்டுப் பிள்ளைகள் சுகமாக வந்து சேரவும் மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
க. சரவணமுத்து

பி.கு.: அவசரத்தில் தபாற்கந்தோரில் நிற்காமல் போனதால் கடிதம் பொக்கற்றுக்குள்ளேயே கிடந்தது. நல்லதாய்ப் போனது. மேலே எழுதிய எதையும் தயவுசெய்து பிரசுரிக்கவேண்டாம். பலாலியில் பிள்ளை வெளியே வந்து காரைப் பார்த்துக்கொண்டு நிற்க, என் வாய் சும்மா இராமல், "கியர் ஒயில் மாத்திப்போட்டன் பிள்ளை" என்றது. "ஆர் அப்பா மாத்தினது?" என்று கேட்டாள். "நான்தான். தனிய. புத்தகத்தைப் பாத்து ஒரு மணித்தியாலத்திலை" என்றேன். மனோகரி பக்கத்தில் நின்றும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை முன்கதவைத் திறந்து ஏறினாள். பண்ணைப் பாலம் வரமுன்னமே நித்திரையாகிவிட்டாள், ஐயா. அவளை எழுப்பக்கூடாதென்று ஒவ்வொரு கியரையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றினேன். வீட்டு வாசலில் குருசுமுத்துவிடமும் கேட்டுப் பார்த்தாள். அவர் ஒயில் பட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஓம் பிள்ளை, அப்பா தனியத்தான் செய்தவர், நான் கிட்டவும் போகேல்லை" என்றார். இப்போது தங்கள் இதழைப் பாரிசில் தேடி வாங்கப்போவதாகச் சொல்கிறாள். ஆகையால் தாங்கள் இதை மட்டும் போட்டால் போதும்: 'கட்டுரை மிக எளிது. ஒரு மணி நேரத்தில் நானே மாற்றினேன். நன்றி.' நாளைக்கு நயினாதீவுக்குப் போகவேண்டுமாம். படகு ஏறுகிற குறிகட்டுவான் வரைக்கும் வான் பிடிக்கட்டோ என்று கேட்டேன். "ஏனப்பா வான், எங்கடை கார் நிக்குது தானே?" என்றாள்.