படத்துடன், மூன்று பொது இடங்களில்

எங்கள் ஊரில் ஒரு சாதாரண மனிசரின் படம் மதிலில் ஏறுவதென்றால் இரண்டே இரண்டு வழிதான். ஒன்று, தேர்தலில் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் செத்துப்போக வேண்டும். மூன்றாவதாகவும் ஒரு வழி இருக்கிறதென்று நம்பி, அதை நானே திறந்துவைக்கப் போய் மானம் போனவள் நான்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. தொண்டைமானாற்றில் வீட்டோடு கறித்தூள் செய்து விற்றுக்கொண்டிருந்தேன். இவர் (என்ரை மனிசன், கேதீஸ்) ஓட்டோ ஓடுவார். சுயதொழில் செய்யும் பெண்களுக்கு அரசாங்கம் கொடுத்த மானியத்தில் எனக்கு ஒரு அரைக்கிற மெசின் கிடைத்தது. அடுத்ததாக வறுக்கிற மெசினும் தருவார்களாம். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருந்தது. வந்த கடிதத்தில் இப்படிக் கிடந்தது: “பயனாளி தாம் பெற்ற உதவியின் விபரத்தைத் தமது படத்துடன் மூன்று பொது இடங்களில் காட்சிப்படுத்தி, அதன் புகைப்படங்களை முன்னேற்ற அறிக்கையுடன் சமர்ப்பிக்க வேண்டும்.”

“ஏன் மிஸ் உது?” என்று மானியம் தந்த அரசாங்கக் கந்தோரில் கேட்டேன்.

“சனத்தின்ரை காசெல்லே தங்கச்சி. ஆருக்கு என்ன போனதெண்டு சனத்துக்குத் தெரியவேணும். பெரிசா ஒண்டும் வேண்டாம், ஒரு தாளிலை நாலு வரி எழுதி, படத்தையும் ஒட்டிவிட்டால் காணும்” என்றார் அந்த உத்தியோகத்தர்.

நாலு வரியோடு நின்றிருந்தால் இன்று இதை எழுதவேண்டி வந்திராது. ஆனால் நான் ஆர்? ஒன்பதாம் வகுப்பில் தமிழ்க் கட்டுரைக்குப் பரிசு வாங்கினவள். (பரிசு ஒரு பிளாஸ்டிக் சவர்க்காரப் பெட்டி.) அப்படிப்பட்ட ஒருத்தி அரசாங்க அறிவித்தலைக் கொப்பித்தாளில் எழுதி ஒட்டலாமோ? நெல்லியடியில் அச்சகத்தில் கொடுத்து அடிப்பதென்று முடிவெடுத்தேன்.

எழுத இருந்தபோதுதான் கரைச்சல் தொடங்கியது. ஒரு ஆளைப் பற்றி ஊருக்கு அறிவிப்பதென்றால் என்ன தமிழில் எழுதுவது? எனக்குத் தெரிந்தது ஒரேயொரு தமிழ். காலையில் பேப்பர் வந்தால் நாங்கள் எல்லோரும் முதலில் விரிப்பது மரண அறிவித்தல் பக்கத்தைத்தானே. வருசக்கணக்காக வாசித்து வாசித்து அது எனக்குத் தேவாரம் மாதிரிப் பாடமாகியிருந்தது. பேனையை வைத்ததும் தானாக ஓடியது:

“தொண்டைமானாற்றைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட திருமதி கேதீஸ்வரன் சுகந்தினி அவர்கள் கறித்தூள் அரைக்கும் இயந்திரம் ஒன்றை அரச மானியமாகப் பெற்றுக்கொண்டார். அன்னார் காலஞ்சென்ற கந்தையா பூரணம் தம்பதிகளின் அன்பு மகளும், கேதீஸ்வரனின் பாசமிகு மனைவியும்...”

அந்த இடத்தில் பேனை நின்றது. அடுத்து வரவேண்டியது சகோதரங்கள். எனக்கிருப்பது ஒரேயொரு அக்கா, வசந்தி. கனடாவில் இருக்கிறா. அம்மா செத்தபோது அவவால் வர முடியவில்லை, விசா அலுவல் முடியவில்லை. செத்தவீட்டை போனிலேயே பார்த்து அழுதா. நான் அந்த ஆத்திரத்தில், “உனக்குக் கனடா வசதியெல்லே பெரிசாப் போச்சு” என்று கத்திவிட்டேன். அக்கா போனை வைத்தா. அதோடு கதையில்லை. நாலு வருசம். நான் இரண்டு தரம் எடுத்தேன், அவ தூக்கவில்லை. பிறகு எனக்கும் ரோசம் வந்தது. ஆனால் வெளிநாட்டு நம்பரில் ஒரு அழைப்பு வந்தால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். அவவின் குரலைக் கேட்கவேண்டும் போல எனக்கு ஒவ்வொரு நாளும் கிடந்தது.

கறித்தூள் மெசினுக்கும் அக்காவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும், “வசந்தியின் (கனடா) ஆருயிர்ச் சகோதரியும் ஆவார்” என்று எழுதினேன். ஒரு தாளிலாவது இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கட்டும் என்ற ஆசைதான். முடிப்பதற்கும் ஒரு வசனம் வேண்டுமே? “இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.” வாசித்துப் பார்த்தேன். என்ன கம்பீரம்! (விசரி. வேறை என்ன சொல்ல?)

அச்சகக்கார அண்ணை தாளை மேலோட்டமாகப் பார்த்தார். அடையாள அட்டைக்கு எடுத்த, சிரிக்காத என் பழைய படத்தையும் வாங்கிக்கொண்டார்.

“ரெண்டு பக்கமும் விளக்குப் போடவோ தங்கச்சி?”

மங்களகரமாக இருக்கும் என்று நினைத்து, “வடிவாப் போடுங்கோ அண்ணை” என்றேன்.

“கறுப்புக் கரைதானே?”

“மலிவு எதுவோ அதைப் போடுங்கோ.”

“ஒட்டுறதும் நாங்களே பாப்பம். வழக்கமா ஒட்டுற இடங்கள் எங்கடை ஆக்களுக்குத் தெரியும்.” சொல்லிவிட்டு அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். ஏழைப் பெண் முன்னேறுகிறாள் என்று பார்க்கிறாராக்கும் என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அடுத்த நாள் காலை, சீலைத்துணியால் மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். கேற்றடியில் ஒரே ஒப்பாரி. எட்டிப் பார்த்தால் பக்கத்து ஒழுங்கைப் பரமேஸ் மாமி, தலைவிரி கோலம்.

“ஐயோ என்ரை சுகி, நேற்றும் தூள் தந்தியேடி...”

“என்ன மாமி?” என்று கண்ணீர் வழிய (மிளகாய்க் கண்ணீர்) வெளியே வந்தேன். மாமி என்னைக் கண்டதும், “முருகா!” என்று கத்திக்கொண்டு கேற்றோடு சாய்ந்துவிட்டா.

அவவைப் பிடித்து இருத்தித் தண்ணீர் கொடுக்குமுன் கதிரை, பந்தல் வாடகைக்காரர் லாண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் வந்து இறங்கினார். “பந்தல் முன்னுக்கோ பின்னுக்கோ? பிரேதம் எப்ப வருதாம்?” பின்னாலேயே இவரின் ஓட்டோ பறந்து வந்தது. இவர் இறங்கி என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். “சந்தியிலை உன்னைச் சாகக்குடுத்துக் கிடக்கு! என்ன கோதாரியடி எழுதிக் குடுத்தனி?” திட்டித் திட்டியே அழுதார். எனக்கு நிலம் பிளந்து விழுங்காதோ என்றிருந்தது.

அப்போதுதான் அவரின் போன் அடித்தது. கனடா நம்பர். யாரோ ஒரு புண்ணியவான் மதிலைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். இவர் போனை என் கையில் திணித்தார்.

“கேதீஸ்... என்னண்டு நடந்தது? நான் அவளோடை கதைக்காமல் விட்டிட்டனே. அவள் ரெண்டு தரம் எடுத்தவள். நான் போனைக் கையிலை வைச்சுக்கொண்டு எடுக்காமல் இருந்தனான். ஒவ்வொரு கிழமையும் எடுப்பம் எடுப்பம் எண்டு நினைக்கிறனான் கேதீஸ்... என்ரை பிள்ளை...”

ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். நான் உடனே வாய் திறக்கவில்லை. நாலு வருசம் ஏங்கிய குரல் அது. அந்தப் பக்கம் அக்கா குளறக் குளற, நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். அவ்வளவு பெரிய கல்நெஞ்சக்காரி நான். முடிவில் மிளகாய்க் காரம்தான் காட்டிக்கொடுத்தது. தும்மிவிட்டேன்.

“ஆரது?”

“நான்தான் அக்கா. சுகி.”



“நீ... நீ செத்திட்டாயெல்லே?”

“இல்லை அக்கா. மானியம் கிடைச்சது.”

அதற்குப் பிறகு அக்கா ஏசிய ஏச்சை எழுத முடியாது. சிரிப்பும் அழுகையும் ஏச்சும் ஒன்றாக வந்தது. நடுவில் ஒருதரம் நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னா: “அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் எண்டு போட்டிருக்கிறாய். நான் ஏற்றுக்கொள்ளேல்லையடி. படத்தைப் பாத்த நேரம் துவக்கம் நான் ஏற்றுக்கொள்ளவே இல்லை.”

அச்சகக்கார அண்ணையிடம் இவர் சண்டைக்குப் போனார். அவர் அமைதியாக, “படத்திலை இருக்கிறது தமக்கையாக்கும் எண்டு நினைச்சன். முதல் வரியும் கடைசி வரியும் பாத்தன். நடுவிலை எல்லாருக்கும் ஒண்டுதானே தம்பி” என்றாராம். கந்தோரில் மிஸ் படங்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, “இவ்வளவு சனம் பாத்த அறிவித்தல் வேறை ஒருத்தருக்கும் இல்லை” என்று முத்திரை குத்தினார். வறுக்கிற மெசின் வந்தது.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அக்கா எடுப்பா. “காலஞ்சென்ற சுகந்தினியோ கதைக்கிறது?” என்றுதான் தொடங்குவா. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் பட்டப்பெயர் ‘அன்னார்’. அன்னார் சாப்பிட்டாச்சோ, அன்னாருக்குத் தேத்தண்ணி போடவோ என்று இவரும் விடுவதில்லை. ஆனால் அக்கா இன்னும் வரவில்லை. வாற ஆவணிக்கு வாறன், சந்நிதிக் கோயில் தேருக்கு வாறன் என்று சொல்லுவா. பிறகு வேலையில் லீவில்லை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சோதனை. தூளைக் கட்டி அனுப்பிவிட்டு அடுத்த ஆவணியைப் பார்த்திருப்பேன்.

போன முறை அவ டிக்கெற்றைத் தள்ளிப்போட்ட அன்று இவரைக் கேட்டேன், “இஞ்சருங்கோ, இன்னொரு நோட்டீஸ் அடிப்பமோ?” இவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் பகிடிக்குக் கேட்கவில்லை.