ஏலத்துக்கு வந்த சிவப்புக் கிட்டார்

பஸ் ராஜபாளையத்துக்குள் நுழைந்த பிறகுதான், மடியில் போர்வை சுற்றிப் படுத்திருக்கும் கிட்டாரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற யோசனையே ஞானரத்தினத்துக்கு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கலைந்துபோன ஓர் இன்னிசைக் குழுவிடம் அதை வாங்கும்போது வந்திருக்க வேண்டிய யோசனை.

சிவப்பு நிறம், நாலு சுவிட்சு, அறுபதுகளில் ஜப்பானில் செய்தது. கீபோர்டு வந்ததும் அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்கள் பாவிகள். தூசியைத் துடைத்துப் பார்த்த ஞானரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

அவருக்கு வாசிக்கத் தெரியுமா என்றால், தெரியாது. நூற்பாலையில் எலக்ட்ரீஷியன். செத்துக் கிடக்கிற பழைய எலக்ட்ரிக் கிட்டாரைத் திறந்து, செப்புக் கம்பிக் காயில் சுற்றி, ஈயம் பற்றவைத்து, ரேடியோவோடு இணைத்து, ஒரு தந்தியைத் தட்டுவார். உயிர் வந்துவிட்டது என்று ஒரு ரீங்காரம் கேட்கும். அது போதும் அவருக்கு. துடைத்து மாட்டிவிட்டு அடுத்ததைத் தேடப் புறப்பட்டுவிடுவார்.

இப்படி வீட்டில் ஐந்து சேர்ந்துவிட்டன. கட்டிலுக்கடியில், பீரோ மேல், அரிசி டிரம்முக்குப் பின்னால் என்று எங்கே கை வைத்தாலும் தந்தி அதிர்ந்தது. ஐந்தாவது வந்த அன்றைக்கு அவர் மனைவி பரிபூரணம், ஜெபம் பண்ண வந்திருந்த சபை ஐயர் முன்னிலையிலேயே சொல்லிவிட்டாள்.

"இனி ஒரு கிட்டாரு இந்த வாசல் ஏறுச்சுன்னா, நான் வாசல் எறங்கிருவேன்."

பரிபூரணம் சொன்னால் சொன்னதுதான். தம்பி கல்யாணத்துக்குப் போகமாட்டேன் என்று ஒருமுறை வாய்விட்டுவிட்டு, அன்று முழுக்க வீட்டுக்குள் அழுதுகொண்டு கிடந்தாளே தவிர, போகவில்லை. கிட்டார் இல்லாமல் ஞானரத்தினம் எப்படியோ இருந்துவிடுவார். பரிபூரணம் இல்லாமல் ஒரு நாள் ஓடாது.

அதனால் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வேதக்கோயிலுக்குப் போனார். மணியடித்துக் கோயிலைக் கூட்டிப் பெருக்கும் ஏசுவடியான் வேண்டப்பட்டவன். ஐயர் அங்கி மாட்டும் அறையில், பழைய பெஞ்சுக்குப் பின்னால் கிட்டாரைச் சாத்திவைத்தான். கொஞ்ச நாள் போகட்டும், அதற்குள் வீட்டில் மெதுவாகப் பேசிப் பார்க்கலாம் என்பது ஞானரத்தினத்தின் கணக்கு. பேசத்தான் தைரியம் வரவில்லை.

அறுப்பின் பண்டிகை வந்தது. அதிகாலையில் கிட்டாரை எட்டிப் பார்க்கப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்து குவித்திருந்த பூசணிக்காய், வாழைத்தார், கால் கட்டிய சேவல்களுக்கு நடுவில், கழுத்தில் செவ்வந்தி மாலையோடு அவருடைய கிட்டார் நின்றது. ஏசுவடியானைத் தனியே இழுத்துப்போய்க் கேட்டார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, ஐயர் ஜெபித்து முடித்துவிட்டார், இனி ஏலத்தில் எடுத்தால்தான் உண்டு என்றான்.

அந்தச் சபை ஏலம் லேசுப்பட்டதல்ல. முட்டையையும் கோழி விலைக்குக் கேட்பார்கள். எடுத்ததை ஆசீர்வாதம் என்று வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் ஆகவேண்டும். கறியே தொடாத வாத்தியார் ஒருவர் எடுத்த ஆடு, அவர் வீட்டில் தாத்தாவாகிவிட்டது.

பரிபூரணம் முன்வரிசையில் இருக்கும்போது தான் எப்படி வாயைத் திறப்பது? ஞானரத்தினம் சைக்கிளை எடுத்துக்கொண்டு சோழபுரத்துக்கு மிதித்தார். அங்கேதான் மில்லில் அவரோடு வேலைபார்க்கும் காளிராஜ் இருந்தான். சொன்னதை அப்படியே செய்கிற ஆள்.

"ஏலே, எனக்காக நீ வந்து கேளு. எவன் போட்டிக்கு வந்தாலும் விட்றாத."

ஆராதனை முடிந்து, கோயில் முற்றத்துப் பந்தலில் ஏலம் தொடங்கியது. சேவல்கள் போயின, பூசணிக்காய் போயிற்று. கிட்டாரும் மேசைக்கு வந்துவிட்டது. காளிராஜைக் காணோம். சபைச் செயலாளர் மைக்கில் கூவுகிறார், ஒரு வாய் திறக்கவில்லை. இப்பேர்ப்பட்ட கிட்டாருக்கு இப்படி ஒரு அவமானமா என்று ஞானரத்தினத்துக்கு ஆத்திரமாக வந்தது. செயலாளர் இரண்டு தரம் சொல்லியாயிற்று. இனிப் பொறுக்க முடியாமல், பந்தல்காலுக்குப் பின்னால் குனிந்துகொண்டு, வராத கட்டைக்குரலில் ஒரு விலை கேட்டார்.

ஊரே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பரிபூரணம் மட்டும் திரும்பவில்லை.

அவர் பேரில் முடிகிற நேரத்தில், வாசல் பக்கமிருந்து எவனோ கூட்டிக் கேட்டான். கூட்டம் மறைத்தது, குழாய் ஸ்பீக்கர் இரைச்சலில் குரலும் பிடிபடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் எவனோ மோப்பம் பிடித்து வந்துவிட்டான் என்று ஞானரத்தினத்துக்கு வெறி ஏறியது. இவர் ஏற்ற, அவன் ஏற்ற, விலை கூரைக்குப் போயிற்று. முன்வரிசைப் பெண்கள் வாசலைப் பார்த்து முறைத்தார்கள். கடைசியில், இந்த வருச போனஸையும் தாண்டிவிட்டது என்று தெரிந்து, ஞானரத்தினம் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகையே வந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தோளில் கிட்டாரோடு, வியர்வை வழிய வந்து நின்றவன் காளிராஜ்.

"பஸ்ஸு லேட்டு. எவனோ ஒருத்தன் விடாம மல்லுக்கட்டுனான். நான் விட்டேனா பாத்தியா? துட்ட நாளைக்குக் குடுத்தாப் போதும்."

பந்தல் குலுங்கச் சிரித்தது. பரிபூரணம் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

எல்லாம் போயிற்று என்று நினைத்தார் ஞானரத்தினம். சாப்பாட்டு இலை போட்டுக்கொண்டிருந்த ஏசுவடியானின் கையைப் பிடித்து, ஒளித்து வைத்ததை ஏன்தான் எடுத்து வெளியே வைத்தாய் என்று கேட்டார்.

"நானா வைக்கல அண்ணாச்சி, அக்காதான் வைக்கச் சொன்னாவ. பண்டிகைக்குக் கோயில் கழுவ வந்தப்பவே பாத்துட்டாவ. 'ஐயர் முன்னால சொன்ன சொல்ல நான் மாத்த முடியாது, ஏலத்துல எடுத்தா ஆண்டவர் குடுத்ததுன்னு வீட்டுக்குள்ள விட்டுருவேன், அவுக கேக்கும்போது ஒருத்தரும் போட்டிக்கு வந்துராதிய'ன்னு வீடு வீடாப் போயிச் சொல்லிட்டு வந்தாவ. அந்தச் சோழபுரத்து வீடு ஒண்ணுதான் விட்டுப்போச்சு."