சேஃப்டி மாமாவும் பிரேக்கில் புகுந்த காற்றும்

மராட்டியத் தமிழர்கள் வாழும் எங்கள் கட்கியில் சாமி கும்பிடாதவர்கள் இருக்கிறார்கள், ஓட்டுப் போடாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சேஃப்டி மாமாவின் பிக்கப் வண்டியில் தீப்பெட்டியோடு பயணம் செய்தவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

மாமாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். எங்கள் தெருவில் அது தெரிந்தவர் அவர் மனைவி மட்டுமே. அவரோ கணவர் பெயரை வாயால் சொல்லாத பரம்பரை. மாமா வேலைக்காலம் முழுவதையும் வெடிமருந்துத் தொழிற்சாலையில் கழித்தவர். அங்கே காலையில் உள்ளே போகும்போது தீப்பெட்டி, பீடி, போன் எல்லாவற்றையும் வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். உள்ளே எந்த வேலையானாலும் ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் கை வைக்க வேண்டும். அங்கே அவசரப்பட்டவர்கள் அடுத்த மாதச் சம்பளம் வாங்குவதில்லை என்பார் மாமா. சொல்லும்போது சிரிக்க மாட்டார். அவர் எதற்குமே சிரித்து நான் பார்த்ததில்லை.

ரிட்டயர் ஆனதும் பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினார். வீடு மாற்றும் சாமான், கல்யாணத்துக்கு நாற்காலி என்று எதையும் தூக்கிக்கொண்டு ஓடிய கனத்த வண்டி அது. வாங்கிய நாளிலிருந்தே ஸ்டார்ட்டர் மோட்டார் தட்டினால்தான் சுற்றும். டிசம்பர் குளிரில் எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் வேலை செய்யாது. ஸ்பிரிங் பட்டை ஒன்று விரிசல் விட்டிருந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் வண்டிக்கு அடியிலிருந்து யாரோ சொடக்குப் போடுவார்கள். தெரு முனை கராஜ் மிஸ்திரி ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, இதைப் பங்காரில், அதாவது பழைய இரும்புக் கடையில், போட்டுவிடுங்கள் என்றார். அதற்கப்புறம் மாமா அவரோடு ஒரு வருஷம் பேசவில்லை.

பழுது பார்ப்பதெல்லாம் மாமாவே. தொழிற்சாலை முறைப்படி இன்னொரு ஆள் வேண்டுமே, அது அத்தை. அத்தை டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொரு படியாகக் குரல் கொடுப்பார். மாமா அடியில் படுத்தபடி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத் திருகுவார். "பேட்டரி ஒயரக் கழட்டு." "பேட்டரி ஒயரக் கழட்டறேன்." ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் தெருவுக்கு இதுதான் சுப்ரபாதம். அத்தையின் குரலுக்கு மதில் சுவரெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

இந்த முறையால் ஊருக்கு விளைந்த நன்மைகளில் ஒன்றைச் சொல்கிறேன். ஒருநாள் காலை, ஆபீஸ் போகும் நேரம், ஆற்றுப் பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், பின்னால் நின்ற நூறு வண்டிகளில் ஹிஞ்சேவாடி போகும் என் ஆபீஸ் கேபும் ஒன்று. மாமா இறங்கினார். முன்னால் ஒரு சிவப்புக் கொடி, பின்னால் ஒரு சிவப்புக் கொடி நட்டார். அத்தை குரல் கொடுக்க, பேட்டரியில் தொடங்கி ரேடியேட்டர், பெல்ட், ஒயர் என்று வரிசையாகச் சோதனை நடந்தது. ஹாரன் சத்தத்தில் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காமல் ஒவ்வொரு படியையும் இரண்டு முறை செய்தார்கள். டிராஃபிக் போலீஸ்காரர் ஓடி வந்தார். பானெட்டை நெருங்குவதற்கு முன் அவருடைய போனை மாமா வாங்கி, இதற்கென்றே வண்டியில் வைத்திருந்த டப்பாவில் போட்டார். அவரும் ஏதோ கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோலக் கொடுத்துவிட்டார்.

டேங்கில் டீசல் இல்லை. மீட்டர் முள் எப்போதோ பாதியில் சிக்கிக்கொண்டிருந்தது. டீசலை முதலிலேயே பார்த்திருக்கலாமே மாமா என்று கேட்டேன். வரிசையில் அது கடைசி என்றார்.

ஆடி மாதம் மாரியம்மன் ஊர்வலமும் அதே வண்டியில்தான். டீசல் டேங்க் பக்கத்தில் கற்பூரம் கூடாது என்று மாமா சொல்லிவிட, பூசாரி தட்டோடு எதிர்வீட்டு வாசலில் நின்று தீபாராதனை காட்டினார். அம்மனுக்கு அது தெரிந்ததோ இல்லையோ, கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

இத்தனை கேலிக்கும் நடுவில்தான் அத்தை விழுந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் குழறியது. குழறினால்கூடப் பரவாயில்லை, நினைப்பது ஒன்று, வாயில் வருவது வேறொன்று. தண்ணீர் கேட்க நினைத்தால் "சாவி" என்று வந்தது. ஒருநாள் பார்க்க வந்த உறவுக்காரப் பெண் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். அன்றோடு அத்தை வாயை மூடிக்கொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். காலை அசைக்க வேண்டும், வாய்விட்டுப் பேச வேண்டும், இப்போது விட்டால் அப்புறம் கஷ்டம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அத்தை எதையும் காதில் வாங்கவில்லை.

அந்த வாரமே மாமா வண்டியை ஜாக்கியில் ஏற்றினார். பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிகிறதாம். ரப்பர் வாஷரை மாற்றினார். மாற்றிய பிறகு குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்காது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை நாலைந்து முறை மிதித்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிடித்தாயிற்று என்று குரல் கொடுக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தின் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து காற்றை விட்டுவிட்டு மூட வேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

மாமா அத்தையைத் தூக்கிவந்து டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். வலது காலை எடுத்துப் பெடல்மேல் வைத்தார். பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்து, "அமுக்கு" என்றார்.

பெடல் அசையவில்லை. மாமா ஸ்பானரைப் பிடித்தபடி மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு அத்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். சவாரிகளெல்லாம் வேறு டெம்போக்காரர்களுக்குப் போயின. தெருவே கொதித்தது. நோயாளியை வெயிலில் உட்கார வைத்து வேலை வாங்குகிறான் பார் என்றார்கள். மிஸ்திரி பழைய கோபத்தை மறந்து வந்து, பத்து நிமிஷ வேலை, நான் மிதிக்கிறேன் என்றார். மாமா கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்.

எனக்கும் பொறுக்கவில்லை. ஆபீஸ் கேப் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, நேரே போய்ச் சண்டை போட்டேன்.

"மாமா, அத்தைய நிம்மதியா படுக்க வுடுங்க. பெடல நான் மிதிக்கறேன்."

"நீ மிதிச்சா பிரேக்கு வரும்மா," என்றார் மாமா, தலையை நிமிர்த்தாமல். "பிரேக்கு வந்து நான் இன்னா பண்ணப் போறேன்?"

கேபில் ஏறி, ஆபீஸ் வழியில் வரும் வாக்கட் தாண்டும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு போனேன்.

எத்தனை நாள் அப்படிப் போயிற்று என்று எண்ணவில்லை. ஒரு காலை, மாமாவின் "அமுக்கு"க்குப் பிறகு பெடல் மெல்ல முனகியது. தொடர்ந்து, கேபினுக்குள்ளிருந்து கரகரத்த குரலில் ஒரு சொல் வந்தது.

"வெங்காயம்."

தெருவில் குழாயடியில் நின்ற நாங்கள் குடங்களைக் கீழே வைத்தோம். யாராவது சிரித்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மாமா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தொழிற்சாலையில் மேலதிகாரி உத்தரவு போட்டால் எப்படித் திருப்பிச் சொல்வாரோ, அதே கம்பீரத்தோடு, "வெங்காயம். தொறக்கறேன்," என்றார். திறந்தார், மூடினார். "மூடியாச்சு. வுடு."

ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் தினமும் ஒரு சொல். ஒருநாள் "செவ்வாக்கெழம", ஒருநாள் "மாமியா", ஒருநாள் நாகரிகம் கருதி நான் இங்கே எழுத முடியாத ஒன்று. எல்லாவற்றையும் மாமா திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் திறந்தார். எழுத முடியாததைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டார். மழை தொடங்கும் சமயத்தில் ஒருநாள் "புடிச்சாச்சு" என்று சரியாக வந்தது. மாமா சக்கரத்தின் பின்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. வெகுநேரம் கழித்து எழுந்தபோது கண்ணில் பிரேக் ஆயில் பட்டுவிட்டது என்றார்.

மிஸ்திரி வந்து மிதித்துப் பார்த்து, கல் மாதிரி இருக்கிறது பிரேக் என்று சர்டிபிகேட் கொடுத்தார். வண்டி ஓடத் தொடங்கியது. அத்தை கம்பை ஊன்றி வாசல் வரை வந்தார். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த ஞாயிறும் வண்டி ஜாக்கியில் நின்றது, காற்று புகுந்துவிட்டது என்று. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. கிழவனுக்குக் கை நடுங்குகிறது, திருகைச் சரியாக மூடுவதில்லை என்று தெரு முடிவு கட்டியது.

நான் பார்த்துவிட்டேன். ஒரு ஞாயிறு காலை பால் வாங்கப் போனபோது மாமா வண்டிக்கடியில் தனியாகப் படுத்திருந்தார். பெடலில் ஆளே இல்லாமல் அந்தத் திருகைத் திறந்து, ஆயிலைச் சொட்ட விட்டு, நன்றாகக் காற்று உள்ளே போகட்டும் என்று காத்திருந்து, பிறகு பத்திரமாக மூடினார். யாரும் சொல்லாமல், திருப்பிச் சொல்லாமல் அந்த மனிதர் செய்து நான் பார்த்த ஒரே வேலை அது.

எப்போதும்போல அத்தை சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மாமா பின்னால் போனதும் நான் ஜன்னலருகில் போய் நின்றேன். சொல்லலாமா வேண்டாமா என்று நான் திணறிக்கொண்டிருக்கையில் அத்தையே என் கையைப் பிடித்தார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, தாழ்ந்த குரலில் பேசினார்.

"அவருதான்... காத்து வுடறாரு. எனக்குத் தெரியும். சொல்லிடாத."

"தெரிஞ்சும் ஏன் அத்தை கால் வலிக்க மிதிக்கறீங்க?"

"எனக்கு... நல்லாயிடுச்சின்னு தெரிஞ்சா, பாவம்... அவரு ஞாயித்துக்கெழம இன்னா பண்ணுவாரு?"

நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது வாக்கட் பக்கம் குடிவந்துவிட்டேன். வேலை எதுவும் இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சுப்ரபாதத்துக்காகக் கட்கிக்குப் போய்வருகிறேன்.